தண்ணீர் போகும் வழியில் தொடங்குங்கள்: படகில் சுடுநீர் ஷவர் பூட்டுவது

அத்தானின் படகில் நான் முதன்முதலில் பூட்டிய சுடுநீர் ஷவர் மூன்று நாள்தான் உழைத்தது. சுடுநீருக்குக் குறையில்லை. திறந்தவுடன் ஆவி பறந்தது. குளித்த தண்ணீருக்குத்தான் நான் வழி வைக்கவில்லை. படகின் அடிக்குழிக்குள் விழட்டும், அங்கே இருக்கிற பம்ப் இறைத்துவிடும் என்று விட்டுவிட்டேன். நான்காம் நாள் இலங்கையின் கிழக்குக் கரையில், பாசிக்குடாவுக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்தபோது அந்தப் பம்ப் முனகிக்கொண்டே நின்றுபோனது. தளப்பலகையைத் தூக்கினேன். சவர்க்கார நுரையும் எஞ்சின் எண்ணெயும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு கூழ். சல்லடையைக் கழற்றினால், அக்காவின் நீளத் தலைமயிர் கயிறு திரித்தாற்போல அதில் சுற்றியிருந்தது. ஓட்டை விழுந்தால் படகைக் காப்பாற்ற வேண்டிய பம்ப், ஒரு குடும்பம் குளித்ததற்கே மூச்சடைத்துப்போனது.

எனவே இந்த வேலையில் இறங்குபவர்கள் சுடுநீர்த் தாங்கியை விலை கேட்பதற்கு முன் கழிவுநீரை எங்கே விடுவது என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். எங்கள் கரையில் சூடு எப்படியும் வந்துவிடும்.

நான் வாழைச்சேனைத் துறைமுகத்தில் ஆழ்கடல் மீன்பிடிப் படகுகளின் டீசல் எஞ்சின்களைத் திருத்துகிறவன். இருபத்திரண்டு வருடமாக அதுதான் தொழில். உல்லாசப் படகு என்ற ஒன்றில் கை வைத்தது அத்தான் கனடாவிலிருந்து திரும்பிவந்து 32 அடி பைபர் படகு ஒன்றை வாங்கிய பிறகுதான். உள்ளே நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின், பின்பக்கம் ஏறி இறங்க ஒரு தட்டு, சிறிய சமையல் மேடை. அதில் சுடுநீரும் வேண்டும் என்றார். துறைமுகத்தில் கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஆனி, ஆடியில் கச்சான் என்ற சூடான தென்மேற்குக் காற்று வீசும்போது வீட்டுக் கூரைமேல் இருக்கும் தாங்கியிலிருந்தே கை சுடுகிற தண்ணீர் வருகிற ஊர் இது. ஆனால் மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்றில், உடம்பில் உப்பு காய, நனைந்த சட்டையோடு ஒரு மணி நேரம் படகில் வந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். அத்தானின் அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. கடலில் கால் நனைப்பது அவருக்கு ஆசை, அதன் பிறகு குளிர்ந்த தண்ணீரில் கழுவுவது பயம். ஷவர் உண்மையில் அவருக்காகத்தான்.

ஒரு சின்னக் கணக்கைப் பார்த்துவிடுவோம். படகுக்கென்று விற்கும் சுடுநீர்த் தாங்கிகள், காலோரிஃபயர் என்று கேட்டால் தெரியும், குளிர்நாட்டு மனிதரை நினைத்துச் செய்யப்பட்டவை. அங்கே தாங்கித் தண்ணீர் 8 பாகை செல்சியஸில் இருக்கிறது என்று வையுங்கள். 20 லீற்றர் சுடுநீர் 70 பாகையில் இருந்தால், குளிக்கத் தக்க 40 பாகைக்குக் கலக்கும்போது ஏறக்குறைய 39 லீற்றர்தான் தேறும். இங்கே தாங்கித் தண்ணீரே 28 பாகை. அதே 20 லீற்றரைக் கலந்தால் 70 லீற்றர் தேறும். கணக்குக்கும் நடப்புக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், ஏனென்றால் சுடுநீர் வெளியேற வெளியேறக் குளிர்நீர் உள்ளே புகுந்து கலக்கிறது. அப்படியிருந்தும் 100 லீற்றர் நன்னீர் ஏற்றிய படகில், அந்தத் தண்ணீரில் பெரும்பங்கை அது இளஞ்சூடாக்கிவிடும். அத்தான் கனடாவிலுள்ள நண்பர் சொன்னதைக் கேட்டு 40 லீற்றர்த் தாங்கி வாங்கப் போனார். 20 போதும் என்று நான் மறித்தேன். மிச்சமான இடத்தில் இப்போது மீன் போடும் ஐஸ் பெட்டி இருக்கிறது.

சூடாக்கும் வழிகளில் ஒன்றை முதலிலேயே தள்ளிவைக்கிறேன்: காஸ் கீசர். விலை குறைவு, பூட்டுவது சுலபம். ஆனால் சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் திறந்த கதவு வழியாக வெளியேற வழி உண்டு. படகிலோ அது கீழிறங்கி அடிக்குழியில் கிண்ணத்துத் தண்ணீர் போலத் தேங்கி நிற்கும், பக்கத்தில் பற்றரியும் சுவிட்சும் இருக்கும். மூடிய அறைக்குள் கீசர் எரிந்தால் வருகிற கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை. யார் கூலி கொடுத்தாலும் நான் பூட்டமாட்டேன்.

பற்றரியில் சூடாக்குவதும் சரிவராது. 20 லீற்றரை 28 பாகையிலிருந்து 70க்குக் கொண்டுபோக 12 வோல்ட்டில் 80 ஆம்பியர்-மணி வேண்டும். 100 ஆம்பியர்-மணி ஈய-அமிலப் பற்றரி ஒன்றைக் கெடுக்காமல் பாதிதான் எடுக்கலாம்.

வெளியே தொங்கும் எஞ்சின் பூட்டிய படகுக்காரர்களுக்கு வெயில்தான் வழி. அந்த எஞ்சின் கடல்நீரை இழுத்து, தன்னைக் குளிரவைத்துக்கொண்டு, வெளியே துப்பிவிடுகிறது. உள்ளே சுற்றிவரும் சூடான திரவம் என்று எடுக்க ஒன்றும் இல்லை. 110 மில்லிமீற்றர் பிவிசி குழாயில் இரண்டரை மீற்றர் நீளம் வெட்டி, இரு முனையையும் மூடி, மங்கலான கறுப்பு வர்ணம் பூசி, கூரைச் சட்டத்தில் கட்டுங்கள். ஏறக்குறைய 20 லீற்றர் பிடிக்கும். மேல்பக்கம் காற்றுப் போக ஒரு சிறு துளை, கீழ்பக்கம் ஒரு குழாய்வாய், அதிலிருந்து ஷவர். காலையில் நிரப்பினால் நல்ல வெயிலில் மதியத்துக்கு இளஞ்சூட்டைத் தாண்டியிருக்கும். கூரைமேல் 20 கிலோ ஏறுகிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். சிறிய படகில் அது ஆட்டத்தைக் கூட்டும்.

இனி உள்ளெஞ்சின் படகு. எங்கள் வேலை இங்கேதான்: எஞ்சினின் சூட்டையே சுடுநீர்த் தாங்கிக்குக் கொண்டுபோவது.

முதலில் கழிவு. குளிக்கும் இடத்தின் தளம் ஒரு பக்கம் சரிய வேண்டும். எந்தப் பக்கம் என்பதில் நான் ஒருமுறை தவறினேன். துறையில் கட்டியிருந்த படகில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, முன்பக்க மூலையில் துளை போட்டேன். படகு ஓடத் தொடங்கியதும் மூக்குத் தூக்கிப் பின்பக்கம் தாழ்ந்தது. தண்ணீர் முழுவதும் துளைக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றது. இப்போது பின்பக்க மூலை இரண்டிலும் துளை வைக்கிறேன். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒன்று இழுக்கும். இரண்டும் 32 மில்லிமீற்றர்க் குழாய் வழியாக, தளத்துக்குக் கீழே தனியாக வைத்த ஒரு பெட்டிக்குப் போகின்றன. பெட்டிக்குள் ஒரு சல்லடை, ஒரு சிறிய 12 வோல்ட் பம்ப், தண்ணீர் ஏறினால் தானே பம்பைப் போடும் ஒரு மிதவை சுவிட்ச். மூடி ஊடுதெரிவதாக இருந்தால் நல்லது. மயிர் சேர்ந்திருப்பது திறக்காமலே தெரியும்.

அந்தப் பெட்டியிலிருந்து தண்ணீர் படகுச் சுவரில் ஒரு துளை வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். துளை நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே இருக்கட்டும். ஆட்கள் ஏறி, தாங்கிகள் நிரம்பி, படகு தாழ்ந்திருக்கும்போது பார்த்துக் குறியுங்கள். வெறும் படகில் குறித்தால் ஏமாறுவீர்கள். குழாயை நேரே துளைக்குக் கொண்டுபோகாமல், முதலில் மேலே தூக்கி வளைத்துப் பின் இறக்குங்கள். இல்லாவிட்டால் அலையடிக்கும்போது வெளித்தண்ணீர் அதே வழியால் உள்ளே வரும். துளைக்கும் இடத்தில் ஒட்டுநாடா ஒட்டி, சிறிய துளை முதலில், பிறகு வட்ட வாள். வெட்டிய விளிம்பில் பைபர் நார்கள் மறைப்பில்லாமல் தெரியும். எபொக்சி பூசி அதை மூடிய பிறகே பொருத்தியைப் போட வேண்டும், இல்லையென்றால் நாளடைவில் நார்கள் தண்ணீர் குடித்து அந்த இடம் ஊறிப்போகும். பொருத்தி வெண்கலமாகவோ நல்ல எஃகாகவோ இருக்கட்டும். சாதாரண வெள்ளைப் பிளாஸ்டிக் எங்கள் வெயிலில் மாவுபோல உதிர்ந்துவிடும். பூசுவதற்குக் குளியலறை சிலிக்கன் வேண்டாம், படகுக்கென்று வரும் பொலியுரேத்தேன் பசை கேட்டு வாங்குங்கள்.

வாவிக்குள் நிற்கும்போது நாங்கள் சவர்க்காரம் போடுவதில்லை. மட்டக்களப்பு வாவி 56 கிலோமீற்றர் நீளம், கடலுக்கு வாய் மிகக் குறுகல். மணல்திட்டு விழுந்து முகத்துவாரம் மூடிக்கிடக்கும் மாதங்களில் போட்டது எல்லாம் உள்ளேயே கிடக்கும். அதே தண்ணீரில்தான் இறால் பிடிக்கிறார்கள்.

நன்னீர்த் தாங்கி 100 லீற்றர் என்றால் 100 கிலோ. படகின் நடுவே, தாழ்வாக வைத்து, அசையாமல் பட்டையால் கட்டுங்கள். பம்ப் 12 வோல்ட், அழுத்த சுவிட்ச் உள்ளது. குழாயைத் திறந்தால் ஓடும், மூடினால் நிற்கும். தாங்கிக்கும் பம்புக்கும் நடுவில் சல்லடை ஒன்று கட்டாயம், புதுத் தாங்கிக்குள் துளையிட்ட தூள் எப்போதும் இருக்கும். பம்புக்கு முன்னும் பின்னும் அரை மீற்றராவது மெல்லிய ரப்பர் குழாய் போட்டால் இரவில் படகு முழுவதும் அதிராது. நான் பூட்டியது 7 ஆம்பியர் இழுக்கிறது, பற்றரியிலிருந்து 4 மீற்றர் தூரம். வெள்ளீயம் பூசிய 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், பற்றரிக்குப் பக்கத்திலேயே 10 ஆம்பியர் பியூஸ். படகை விட்டு இறங்கும்போது பம்பின் சுவிட்சை அணைத்துவிடுங்கள். எங்காவது ஒரு குழாய் கழன்றால், அது விடியும்வரை ஓடி 100 லீற்றரையும் படகுக்குள் இறைத்துவிட்டுத்தான் ஓயும்.

குளிர்நீர்ப் பக்கம் எந்தக் குழாயும் போடலாம். சுடுநீர்ப் பக்கம் சாதாரண பிவிசி கூடாது. 60 பாகை தாண்டினால் அது இளகிவிடும். சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாய்களான சிபிவிசி அல்லது பிபிஆர் போடுங்கள், இரண்டும் இப்போது ஹார்ட்வெயார்க் கடைகளில் கிடைக்கின்றன.

சுடுநீர்த் தாங்கிக்குள் குளிர்நீர் புகும் வாயில் ஒருவழி வால்வு வைக்க வேண்டும். இதை நான் முதலில் விட்டுவிட்டேன், தாங்கியோடு வந்திருக்கும் என்று நினைத்தேன். மறுநாள் படகுக்கு வந்த ஒருவர் சமையல் மேடைக் குழாயில் ஒரு கோப்பை தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு, “தம்பி, இதில் தேயிலையைப் போட்டால் போதும், அடுப்பு எதற்கு?” என்றார். சூடான தண்ணீர் விரிந்து, வந்த வழியே பின்னால் போய்க் குளிர்நீர்க் குழாயை நிறைத்திருந்தது.

ஒருவழி வால்வு வைத்தால் விரியும் தண்ணீருக்குப் பின்னால் போக வழியில்லை. 28 பாகையிலிருந்து 80க்குச் சூடானால் 20 லீற்றர் ஏறக்குறைய அரை லீற்றர் விரியும். அதற்காகத்தான் தாங்கியில் அழுத்தம் விடும் வால்வு இருக்கிறது. அதன் வாயிலிருந்து ஒரு சிறு குழாயை ஒரு போத்தலுக்குள் விடுங்கள். எஞ்சின் ஓடும்போது சொட்டும். சொட்டுகிறதே, கசிகிறது என்று அதை அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் தாங்கி வெடிக்கும்.

இனி எஞ்சின். உள்ளெஞ்சின்களில் இரண்டு தண்ணீர் ஓட்டம் உண்டு: வெளியிலிருந்து வரும் கடல்நீர் ஒன்று, எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் கூலன்ட் ஒன்று. சுடுநீர்த் தாங்கியின் உள்ளே இருக்கும் சுருள்குழாயைக் கூலன்டோடுதான் சேர்க்க வேண்டும். கடல்நீரில் சேர்த்தால் சூடும் வராது, சுருளும் அரித்துப்போகும். கூலன்ட் இல்லாமல் கடல்நீரால் மட்டும் குளிரும் பழைய எஞ்சினாக இருந்தால் இந்த வேலையே வேண்டாம், வெயில் குழாய்க்குப் போங்கள். எஞ்சின் தலையில், தேர்மோஸ்டாட்டுக்கு (எஞ்சின் சூடேறும்வரை கூலன்டை மறித்துவைக்கும் வால்வுக்கு) முன்னால், மூடித் திருகிய ஒரு துளை பெரும்பாலும் இருக்கும். சூடான ஓட்டத்தை அங்கே எடுங்கள். தேர்மோஸ்டாட்டுக்குப் பின்னால் எடுத்தால் அது திறக்கும்வரை ஒன்றும் வராது. திரும்பும் குழாய், கூலன்டைச் சுற்றவைக்கும் பம்பின் இழுக்கும் பக்கத்துக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள அழுத்த வித்தியாசம்தான் சுருளுக்குள் கூலன்டைத் தள்ளுகிறது. இந்தத் துளைகள் எங்கே என்று எஞ்சின் கைநூலில் படம் இருக்கும், பார்க்காமல் எதையும் கழற்ற வேண்டாம். தாங்கி, எஞ்சினின் கூலன்ட் மூடியைவிடத் தாழ்ந்திருப்பதும் முக்கியம். மேலே வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அதைவிட உயரத்தில் இன்னொரு கூலன்ட் போத்தல் பூட்ட வேண்டிவரும்.

குழாய் முனைகளை இறுக்கும் கிளிப்புகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கடைக்காரர் எல்லாவற்றையும் துருப்பிடிக்காத எஃகு என்றே தருவார். நான் ஒரு பழைய ஒலிபெருக்கிக் காந்தத்தைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். பட்டையில் வைத்தால் ஒட்டாது, கடைக்காரர் சொன்னது உண்மை. திருகாணியின் தலையில் வைத்துப் பாருங்கள். டக்கென்று ஒட்டினால் பெரும்பாலும் பட்டை மட்டும்தான் நல்ல எஃகு, திருகாணி பூச்சுப் போட்ட இரும்பு. எங்கள் உப்புக்காற்றில் ஆறு மாதத்தில் அந்தத் தலை செம்மண்ணாகிவிடும், அவிழ்க்கவும் முடியாது, இறுக்கவும் முடியாது. கூலன்ட் குழாயின் ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளிப், திருகாணிகள் எதிரெதிர்ப் பக்கம் பார்க்க. முதல் பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு ரப்பர் அமுங்கியிருக்கும், எஞ்சின் ஆறிய பின் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்குங்கள்.

எல்லாம் பூட்டி, கூலன்ட் நிரப்பி, எஞ்சினை ஓட்டினோம். இருபது நிமிடம் போனது, ஷவரில் வந்தது அதே 28 பாகைத் தண்ணீர். அத்தான் என் முகத்தைப் பார்த்தார். நான் குனிந்து கூலன்ட் குழாய்கள் இரண்டையும் ஒவ்வொரு கையால் தொட்டேன். போகும் குழாய் கையை எடுக்கச் சொன்னது. வரும் குழாய் மண்பானைபோலக் குளிர்ந்திருந்தது. காற்று அடைத்திருக்கிறது என்று அர்த்தம். போகும் குழாயை ஒரு குறுக்குச் சட்டத்துக்கு மேலால் வளைத்துக் கொண்டுபோயிருந்தேன், அந்த முதுகில் காற்றுக் குமிழ் உட்கார்ந்துவிட்டது. எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு (சூடாக இருக்கும்போது கூலன்ட் மூடியைத் திறப்பவன் முகத்தை இழப்பான்), குழாயைச் சட்டத்துக்குக் கீழால் மாற்றினேன். பிறகு உயரமான முனையின் கிளிப்பைத் தளர்த்தி, மூடிப்பக்கம் கூலன்ட் ஊற்ற ஊற்ற, அந்த முனையில் முதலில் சீறல், பிறகு குமிழ், பிறகு பச்சைத் திரவம் மட்டும் வந்தது. இறுக்கி மறுபடியும் ஓட்டியபோது ஐந்து நிமிடத்தில் இரண்டு குழாயும் சூடு. அரை மணி ஓட்டத்தில் தாங்கி தயார்.

அந்தப் பச்சைத் திரவத்தில் எதிலீன் கிளைக்கோல் இருக்கிறது, அது நஞ்சு. இங்கே எதுவும் உறையப்போவதில்லை என்றாலும், துருத் தடுப்பதற்காக அது வேண்டும். சுருளில் என்றாவது ஓட்டை விழுந்தால் அது குளிக்கும் தண்ணீரோடு கலக்கலாம், ஆகவே சுடுநீர்க் குழாயில் குடிக்கவோ தேநீருக்குப் பிடிக்கவோ கூடாது. தண்ணீர்ப் பம்பின் அழுத்தம் கூலன்டின் அழுத்தத்தைவிட அதிகம் என்பதால், ஓட்டையின் முதல் அடையாளம் வேறுமாதிரித் தெரியும்: கூலன்ட் போத்தலில் மட்டம் தானாக ஏறும், நிறம் வெளுக்கும். கண்டால் அன்றைக்கே தாங்கியைக் கழற்றிவிடுங்கள்.

ஷவருக்கு முன்னால் வெப்பம் பார்த்துத் தானே கலக்கும் மிக்சர் வால்வு ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். தாங்கித் தண்ணீர் 70, 75 பாகைக்குப் போகும். 60 பாகைத் தண்ணீரே ஐந்து விநாடியில் தோலைப் பொசுக்கிவிடும், படகு ஆடும்போது கை தவறிக் குழாயைத் திருப்புவது சாதாரணம். எங்களுடையதை 40இல் வைத்து, திருகும் தலையைக் கழற்றி நான் எடுத்துக்கொண்டேன். அத்தான் மூன்று தடவை கேட்டுவிட்டார், இன்னும் கொடுக்கவில்லை. ஷவர்த் தலை கைப்பிடியில் விரலால் நிறுத்தக்கூடியதாக இருந்தால், நனைத்து, நிறுத்தி, தேய்த்து, மறுபடி திறந்து ஓர் ஆள் ஏழு லீற்றருக்குள் குளித்துவிடலாம்.

படகு சில வாரம் சும்மா நிற்கப்போகிறது என்றால் இரண்டு தாங்கியையும் வடித்துவிடுங்கள். 25க்கும் 45க்கும் இடைப்பட்ட பாகையில் தேங்கி நிற்கும் தண்ணீரில் கிருமி வளரும், எங்கள் ஊரில் ஆண்டு முழுவதும் அந்தச் சூடுதான். மறுபடி எடுக்கும்போது 100 லீற்றருக்கு 100 மில்லிலீற்றர், மணம் சேர்க்காத 5 சதவீதக் குளோரின் திரவம் ஊற்றி, எல்லாக் குழாயிலும் மணம் வரும்வரை திறந்து, நான்கு மணி நேரம் விட்டு, மணம் போகும்வரை அலசுங்கள். பிறகு எஞ்சினை ஓட்டிச் சுடுநீர்த் தாங்கியை ஒருமுறை 60 பாகைக்கு மேல் கொண்டுபோய் அந்தத் தண்ணீரை விட்டுவிடுங்கள். கழிவுப் பெட்டியின் சல்லடையை ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கழுவ வேண்டும். அது அக்காவின் பொறுப்பு என்று அத்தான் தீர்த்துவிட்டார், அக்கா இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.